சுகிர்தா அடித்த பந்து

மழை ஒரு மாதம் முந்தி வந்து கேரட்டெல்லாம் மண்ணுக்குள்ளேயே அழுகிப்போன வருஷத்தில், மே மாதத்து இரண்டாவது சனிக்கிழமை காலை பதினொன்றே காலுக்கு, பனிமட்டம் கோல்ஃப் கிளப்பில் புல் வெட்டும் யோகராசாவின் மகள் சுகிர்தா, அப்போது அவளுக்குப் பதிமூன்று வயது, ஒன்பதாவது குழியை நோக்கி அடித்த பந்து மேலே போனது, போக வேண்டிய உயரத்துக்குச் சரியாகப் போனது, அங்கிருந்து இறங்க வேண்டிய நேரத்தில் இறங்காமல் அங்கேயே நின்றுகொண்டது. யாரும் கத்தவில்லை. கிளப் செயலாளர் மேஜர் தேவசகாயம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். குழிப்பக்கம் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்ற டேவிட்டு, "மேல காத்து பலமா இருக்கும்போல" என்றான். நாங்கள் எல்லாரும் ஆமாம் என்றோம்.

நாங்கள் என்றால் கேடிகள். ஆடுகிறவர்களின் மட்டைப் பையைச் சுமந்துகொண்டு பின்னால் நடப்பவர்களுக்கு மலைமேல் அதுதான் பெயர். கீழே சமவெளிக்குப் போய் என்ன வேலை என்று கேட்கிற போலீஸ்காரரிடம் அதைச் சொன்னால் அவர் நம்மை ஒருமுறை மேலும் கீழும் பார்ப்பார். அந்தப் பந்து நின்ற நாளிலிருந்து அது இல்லாமல் போன நாள்வரை எல்லாவற்றையும் கேடிக் கொட்டகையிலிருந்து பார்த்தவர்கள் நாங்கள்தான்.

யோகராசா ஒன்பது வயதில் கப்பலில் வந்தவர். கடலுக்கு அந்தப் பக்கத்துத் தேயிலை மலையில், இந்தியாவுக்குப் போகலாம் என்று ஒரு காகிதம் வரும் வரும் என்று அவருடைய அப்பாவும் அம்மாவும் பதினோரு வருஷம் காத்திருந்தார்களாம். அந்தக் காத்திருப்பின் நடுவில்தான் அவர் பிறந்தார். அதனாலோ என்னவோ, காத்திருப்பது அவருக்கு ஒரு வேலை மாதிரி, அவசரப்படாமல் பதமாகச் செய்வார். அவர் மனைவி சிவபாக்கியம் எஸ்டேட்டில் கொழுந்து பறித்தாள். சுகிர்தா நடக்கத் தொடங்கியதிலிருந்து அப்பாவின் புல்வெட்டும் வண்டிக்குப் பின்னாலேயே நடந்தாள். யாரோ முறித்துப் போட்ட மட்டையால், யாரோ தொலைத்துவிட்டுப் போன பந்துகளை அடித்தாள். பணியாளர்களின் பிள்ளைகளுக்கும் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று மேலேயிருந்து கடிதம் வந்தபோது, உறுப்பினர்கள் வராத திங்கட்கிழமைகளில் ஆறு பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டார்கள். ஐந்து பேர் நின்றுவிட்டார்கள். சுகிர்தா நிற்கவில்லை. தூரத்தில் ஒரு போர்வையை விரித்துவிட்டு அடிக்கச் சொன்னால், பத்துப் பந்தில் எட்டைப் போர்வையில் போடுவாள்.

அந்த மே மாதம் ஃபெலிக்ஸ் அருள்நேசன் ஒரு வாரம் வந்து தங்கினார். சென்னையில் ஒரு கேடியின் மகனாகப் பிறந்து, பதினான்கு நாடுகளில் பரிசுக்கு ஆடிய தொழில்முறை ஆட்டக்காரர். முகமும் வலது கையும் வெயிலில் கறுத்திருக்க, உறை போட்டே பழகிய இடது கை மட்டும் வேறு யாருடையதோ போல வெளுத்திருக்கும். பிள்ளைகள் அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கெட்டுப்போன அடியை அங்கேயே விட்டுவிட்டு நட என்றார். புல்லைக் குனிந்து தொட்டுப் பார் என்றார். கோபம் வந்தால் பத்தடி நடக்கும்வரை வைத்திரு, பதினோராவது அடியில் கீழே போட்டுவிடு என்றார். சுகிர்தா எல்லாவற்றையும் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதினாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம், மற்ற பிள்ளைகள் போன பிறகு, அவளை மட்டும் கூப்பிட்டுச் சொன்னார்.

"எல்லாம் சரியா இருக்கும்மா. ஒண்ணே ஒண்ணு. அடிச்சதும் சட்டுனு கையை எறக்கிடுற. பந்து தரையைத் தொடுற வரைக்கும் ஃபினிஷை விடாத. அப்படியே நில்லு."

ஃபினிஷ் என்றால் அடித்து முடித்த நிலை. மட்டை முதுகுக்குப் பின்னால் தொங்கும், இரண்டு கையும் இடது காதருகே இருக்கும், உடம்பின் பாரம் முழுக்க இடது காலில், வலது குதிகால் தூக்கி, முகம் குழியைப் பார்த்திருக்கும்.

"விட்டா என்ன சார் ஆகும்?"

"விட்டா பந்துக்குத் தெரிஞ்சிரும்" என்று சொல்லி ஃபெலிக்ஸ் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. அவளுடைய பதிமூன்று வருஷத்தில் உலகம் சுற்றிய ஒரு மனிதர் அவளை நேராகப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை அது.

மறுநாள்தான் தேர்வுப் போட்டியின் கடைசி நாள். ஜெயிக்கும் ஒரு பிள்ளையைப் பெங்களூருக்குப் பக்கத்தில் உள்ள பயிற்சிப் பள்ளியில் சேர்த்துக்கொண்டு ஆறு வருஷம் படிப்பும் ஆட்டமும் சொல்லிக்கொடுப்பார்கள். எஸ்டேட் மேலாளரின் மகள் நிவாஷினி சுகிர்தாவைவிட இரண்டு அடி கூடுதலாக அடித்துப் பின்தங்கியிருந்தாள். கடைசிக் குழியான ஒன்பதாவது குழி பள்ளத்துக்கு அந்தப் பக்கம், ஒரே அடியில் தாண்ட வேண்டும். நிவாஷினி அடித்தாள், பந்து விழுந்தது. சுகிர்தா அடித்தாள், மட்டை முதுகுக்குப் பின்னால் போனது, கைகள் காதருகே நின்றன, பந்து மேலே நின்றது.

நாங்கள் காத்திருந்தோம். நிவாஷினி தன் பந்தை இரண்டு தள்ளலில் குழிக்குள் போட்டுவிட்டு, சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடியும் காத்திருந்தாள். நான்கு மணிக்கு மூடுபனி ஏறி வந்து பந்தை மறைத்தது, பிறகு விலகிக் காட்டியது, பந்து அங்கேயேதான் இருந்தது, நான்கு சவுக்கு மர உயரத்தில், குழிக்குச் சற்று முன்பாக, யாரோ கூரையில் மாட்டிவைத்ததைப்போல. சுகிர்தாவின் வலது கால் நடுங்கிக்கொண்டிருந்தது. யோகராசா வண்டியை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார்.

"பாப்பா, கையை எறக்கும்மா."

"இன்னும் விழலப்பா."

இருட்டத் தொடங்கியதும் நாங்கள் நான்கு பேர் அவளை நின்ற நிலையிலேயே தூக்கி, கை ஒன்றும் கலையாமல், மட்டையோடு, தேயிலைச் சரிவு வழியாக, எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயனுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம். சிவபாக்கியம் அவளுக்கு நின்றபடியே சோறு ஊட்டினாள். சுவரில் சாய்ந்து நின்றபடியே அவள் தூங்கிப்போனாள். அப்போதுதான் சிவபாக்கியம், தாய் செய்கிற காரியத்தைச் செய்தாள். மகளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து மட்டையை எடுத்தாள், கைகளை மெல்லக் கீழே இறக்கினாள், பாயில் படுக்கவைத்துப் போர்த்திவிட்டாள்.

காலையில் சுகிர்தா கண் விழித்ததும் போர்வையின் மேல் கிடந்த தன் கைகளைப் பார்த்தாள். லயன் முழுக்கக் கேட்கும்படி அலறினாள்.

"நீ ஏம்மா எறக்குன? அதுக்குத் தெரிஞ்சிருச்சு. இனி அது வராது."

சிவபாக்கியம் அதற்குப் பிறகு எத்தனையோ வருஷம் கொழுந்து பறித்தாள், ஆனால் மகளைத் தொடும்போதெல்லாம் கேட்டுவிட்டுத்தான் தொட்டாள்.

மேஜர் தேவசகாயம் நியாயமானவர். விதிப்புத்தகத்தை இரண்டு நாள் படித்தார். கண்ணுக்குத் தெரிகிற பந்து தொலைந்த பந்து ஆகாது. எல்லைக்குள் இருக்கிற பந்து வெளியே போன பந்து ஆகாது. ஆனால் இது ஆட முடியாத பந்து என்று ஆடுகிறவரே தன் வாயால் சொன்னால், ஓர் அடி தண்டம் வைத்துக்கொண்டு வேறு பந்தைக் கீழே போட்டு ஆடலாம்.

"இங்க பாரும்மா, நீ ஒரு வார்த்தை சொன்னாப் போதும். தண்டம் போனாலும் நீதான் முன்னால. சொல்லிடு."

"அது ஆட முடியாத பந்து இல்ல சார். விழுந்துட்டிருக்கிற பந்து."

மேஜர் யோகராசாவைப் பார்த்தார். யோகராசா புல்லைப் பார்த்தார். "அவ அடிச்ச பந்து சார். அவதான் சொல்லணும்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தைப் பிற்பாடு அவர் கொட்டகையில் எங்களிடம் பலமுறை திரும்பச் சொல்லி, வேறு எப்படிச் சொல்லியிருக்கலாம் என்று கேட்பார். சுகிர்தாவின் ஆட்டச் சீட்டு முடிவு எழுதப்படாமல் அலுவலக அலமாரிக்குள் போனது. நிவாஷினி, தற்காலிகமாக என்று எழுதிய கடிதத்தோடு பெங்களூருக்குப் போனாள்.

பந்து நின்றது, ஊர் நகர்ந்தது. முதல் மூன்று ஞாயிறு தேவாலயத்தில் பந்து விழ வேண்டும் என்று ஜெபித்தார்கள், நான்காவது ஞாயிறு அது யார் தலையிலும் விழக்கூடாது என்று ஜெபித்தார்கள். பேருந்து நடத்துநர் கிளப் நிறுத்தத்தைப் பந்து ஸ்டாப் என்று கூவத் தொடங்கி, ஆறு மாதத்தில் சீட்டிலேயே அப்படி அச்சாகிவிட்டது. பந்து தெளிவாகத் தெரிந்தால் துணி காயப்போடுவார்கள், மங்கினால் எடுத்துவிடுவார்கள். தாலுகா அலுவலகத்தில் மனு எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்டால், "சுகிர்தா பந்து மாதிரி இருக்குங்க" என்பார் எழுத்தர், கேட்டவரும் புரிந்துகொண்டு திரும்பிப் போவார். தேர்தலுக்கு வந்தவர்கள் அதை இறக்கித் தருவதாகச் சொன்னார்கள், அடுத்த தேர்தலுக்கு வந்தவர்கள் அதை யாரும் தொடவிடமாட்டோம் என்றார்கள், இரண்டு பேருக்கும் கை தட்டினோம்.

சுகிர்தா தினமும் பள்ளிக்கூடம் விட்டு நேராக ஒன்பதாவது குழி மேட்டுக்கு வருவாள், பையை வைப்பாள், மட்டையைத் தோளுக்குப் பின்னால் போட்டுக் கைகளைக் காதருகே நிறுத்தி, குதிகாலைத் தூக்கி, அண்ணாந்து பார்த்து, இருட்டும்வரை நிற்பாள். தன் அடியைத் தொடங்கியவள் அவள்தான் என்பதால் அந்த மேட்டிலிருந்து அவளை விலக்க விதியில் இடமில்லை என்று மேஜர் சொல்லிவிட்டார். உறுப்பினர்கள் "கொஞ்சம் மன்னிச்சுக்கம்மா" என்று சொல்லி அவளைச் சுற்றி நின்று அடித்தார்கள். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் யோகராசா, பந்துக்கு நேர் கீழே ஒரு வட்டம் போட்டு, அந்த இடத்துப் புல்லை மட்டும் கையால் வெட்டினார், கல் பொறுக்கினார், தண்ணீர் தெளித்து மெத்தென்று வைத்திருந்தார், விழும்போது எகிறி மணல் பள்ளத்துக்குள் போய்விடக்கூடாது என்று. அப்பாவும் மகளும் பள்ளத்தின் இரண்டு பக்கமும் அப்படி நான்கு வருஷம் நின்றார்கள். அவள் வளர்ந்தாள். ஆனால் நிற்கிற நிலைக்கு ஏற்றபடிதான் வளர்ந்தாள். இடது இடுப்பு ஏறியது, கழுத்து ஒரு பக்கம் திரும்பியது, பள்ளிக்கூடச் செருப்பில் இடது அடி மட்டும் முதலில் தேய்ந்தது.

ஐந்தாவது வருஷம் ஃபெலிக்ஸ் அருள்நேசன் திரும்ப வந்தார். ஆடுவதை நிறுத்திவிட்டார், இரண்டு கையும் ஒரே நிறத்துக்கு வந்திருந்தது. கடை வைத்திருப்பவர், ஓட்டல்காரர் எல்லாரும் பந்தைக் காட்டி அதைப் பற்றிச் சொன்னார்கள், அவரும் பொதுவாகக் கேட்டுக்கொண்டு வந்தார். மேட்டில் நிற்கிற பெண்ணைப் பார்த்த பிறகுதான் அவருக்கு அந்த வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது. அவள் முன்னால் போய் நின்றார்.

"சார், நான் விடல சார்" என்றாள் சுகிர்தா, கையை இறக்காமல். "மொத நாள் மட்டும் தூக்கத்துல விட்டுட்டேன். அம்மா எறக்கிட்டாங்க. அப்புறம் ஒரு நாளும் விடல."

ஃபெலிக்ஸ் புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

"அது சும்மா சொல்றதும்மா" என்றார். "எல்லாரும் எல்லாப் பிள்ளைங்ககிட்டயும் சொல்றது. எனக்கு ஒருத்தர் சொன்னாரு, நான் உனக்குச் சொன்னேன். ஏன்னு நான் கேட்டதில்ல. பந்து போனப்புறம் நீ எப்படி நின்னாலும் அதுக்கு ஒண்ணுமில்லம்மா. நான் பாதி நேரம் விட்டுடுவேன்."

அவள் ரொம்ப நேரம் அவரைப் பார்த்தாள். பிறகு கைகளை இறக்கினாள். நாங்கள் கொட்டகையை விட்டு வெளியே ஓடி வந்துவிட்டோம்.

"அப்ப அம்மா மேல தப்பில்லையா சார்?"

"யார் மேலயும் தப்பில்லம்மா."

அவள் நேரே மேஜரிடம் நடந்து போய், "அது ஆட முடியாத பந்து சார்" என்றாள். மேஜருக்கு அப்போது எழுபது வயது, பதவியை விட்டுப் போக வேண்டிய காலம் தாண்டியும் இந்த ஒரு சீட்டுக்காக இருந்தவர். அலமாரியைத் திறந்து சீட்டை எடுத்தார். பள்ளிக்கூடங்கள் மணியடித்து விட்டன, தேயிலைத் தொழிற்சாலை இயந்திரத்தை நிறுத்தியது, சிவபாக்கியம் கூடையைக் கழற்றாமலேயே மலையேறி வந்தாள். மேட்டில் சுகிர்தா புதுப் பந்தைக் கீழே விட்டாள். அது உருண்டு நின்றது. ஓர் அடி தண்டம். இனி பள்ளத்தைத் தாண்டி அடித்து, ஒரு தள்ளலில் குழிக்குள் போட்டால் அவள்தான் ஜெயித்தவள், நான்கு வருஷத்துக்கு முந்தைய போட்டியானாலும் சீட்டு சீட்டுதான் என்று மேஜர் சொல்லியிருந்தார்.

அவள் பந்தின் முன் நின்றாள். மட்டையைப் பந்துக்குப் பின்னால் வைத்தாள். அடிப்பதற்கு மட்டையை முதலில் வலது பக்கம் பின்னால் எடுக்க வேண்டும். அவள் கைகள் பின்னால் போகவில்லை. பந்தைத் தொடாமலே நேராக மேலெழும்பி இடது காதருகே போய் நின்றன. இறக்கினாள், மறுபடியும் வைத்தாள், மறுபடியும் அங்கேயே போய் நின்றன. ஃபெலிக்ஸ் போய் அவள் மணிக்கட்டைப் பிடித்து, குழந்தைக்குச் சொல்லிக்கொடுப்பதைப்போல, இப்படிம்மா, இந்தப் பக்கம்மா என்று பின்னால் இழுத்துப் பார்த்தார். பிடி விட்டதும் கைகள் வந்த வழியே போய்விட்டன. பன்னிரண்டு தடவை, பதினைந்து தடவை. பதினாறாவது தடவை அவள் அவரைப் பார்த்து, "சார், தொடக்கம் எப்படின்னு மறந்துபோச்சு சார்" என்றாள்.

யோகராசா பள்ளத்துக்கு அந்தப் பக்கம் வட்டத்துக்குள் நின்றுகொண்டிருந்தார். எல்லாரும் கலைந்த பிறகும் நின்றுகொண்டிருந்தார். ஃபெலிக்ஸ் அன்றைக்கே கிளம்பிப் போனார், பேருந்தில் ஏறும்போது எங்களில் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆட முடியாத பந்து என்று சொன்னதை அவள் வாபஸ் வாங்கிக்கொண்டதாக மேஜர் சீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டார்; அப்படி ஒரு விதி இருக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை.

பத்தொன்பது வயதில் சுகிர்தா திருப்பூருக்குப் பனியன் கம்பெனிக்குப் போனாள். துணியை வெளிச்சத்தில் பிடித்துத் தையல் குற்றம் பார்க்கிற வேலை, நின்றுகொண்டே செய்கிற வேலை, அதனால் அவளுக்கு ஒத்து வந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பாட்டு இடைவேளையில் கூப்பிடுவாள். யோகராசாவுக்குப் புல்வெட்டும் வண்டிச் சத்தத்தில் காது மந்தமாகிவிட்டதால் ஃபோனைக் கொட்டகை பெஞ்சில் வைத்துச் சத்தமாகப் போட்டுக் கேட்பார், நாங்களும் கேட்போம். சாப்பிட்டியா, மழையா, அம்மா முட்டிவலி எப்படி. கடைசியில் மட்டும் குரல் தணியும்.

"அப்பா, இருக்கா?"

"இருக்கும்மா."

அவள் போன மூன்றாவது வருஷம், ஐப்பசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், மழை விட்டு வெயில் அடித்த மத்தியானம், பந்து விழுந்தது. எந்தச் சத்தமும் முன்னறிவிப்பும் இல்லை. யோகராசாவின் வட்டத்துக்குள் மெத்தென்று விழுந்தது, ஒரு தடவை எழும்பியது, சரிவில் மெதுவாக உருண்டு, குழியின் விளிம்புக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. கொட்டகையிலிருந்து நாங்கள் ஏழு பேர் பார்த்தோம். அந்தச் சனிக்கிழமை விழுந்திருந்தால் ஒரு சின்னத் தட்டு, அவ்வளவுதான். கண் தெரியாதவள்கூட அதை உள்ளே போட்டிருப்பாள்.

யோகராசா வண்டியை நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். பந்தைச் சுற்றி ஒருமுறை நடந்தார். குந்தி உட்கார்ந்தார். ஆடுகிறவளைத் தவிர வேறு யாரும் தொடக்கூடாத பந்து அது, விதி என்னவென்று நாற்பது வருஷமாக அவருக்குத் தெரியும். குழியையும் பந்தையும் மாறி மாறிப் பார்த்தார், அந்த ஒரு சாணைக் கையை விரித்து அளந்தார், அளந்த கையைச் சட்டையில் துடைத்தார். பிறகு பந்தை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, கொட்டகையின் பக்கம் திரும்பி எங்களைப் பார்த்தார். நாங்கள் ஏழு பேரும் தலையைக் குனிந்துகொண்டோம்.

சொல்லிவிட்டால் அவள் வருவாள். வந்து அந்த ஒரு சாணுக்கு முன்னால் நிற்பாள். மட்டையைப் பந்துக்குப் பின்னால் வைப்பாள். அதற்குப் பிறகு என்ன நடக்கும் என்பதை அவர் ஒருமுறை பார்த்துவிட்டார்.

ஊருக்கும் தெரிந்தது, தலைக்கு மேல் இருப்பது ஊருக்குத் தெரியாமல் போகுமா. ஆனால் யாரும் கேட்கவில்லை. நடத்துநர் பந்து ஸ்டாப் என்றே கூவினார். வெளியூர்க்காரர்கள் எங்கே என்று கேட்டால், மூடுபனிங்க, நாளைக்குத் தெரியும் என்றோம். ஒரு வாரத்திலேயே இந்தப் பதில் எங்கள் வாயில் பழகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஃபோன் அடித்தது. யோகராசா அதைப் பெஞ்சில் வைத்தார். சாப்பிட்டியா, மழையா, அம்மா முட்டிவலி. பிறகு அவள் குரல் தணிந்தது.

"அப்பா, இருக்கா?"

அவர் எங்களைப் பார்த்தார். "இருக்கும்மா" என்றார். "அப்படியே இருக்கு."

அந்தப் பக்கம் யாரோ சாப்பாட்டுத் தட்டு கழுவும் சத்தம் கேட்டது. பிறகு பதிமூன்று வயதுக் குரலில் அவள் கேட்டாள்.

"அப்ப இன்னிக்கும் நான் கையை எறக்க வேண்டாம், இல்லப்பா? இங்க மொட்டை மாடியில எடம் இருக்கு. வேலை முடிஞ்சு தினமும் நிக்கிறேன். யாரும் ஒண்ணும் சொல்றதில்ல."

யோகராசா பெஞ்சிலிருந்த ஃபோனைக் கையில் எடுத்தார். அதற்குள் அங்கே இடைவேளை முடிகிற மணி அடித்தது, வச்சிர்றேன்ப்பா என்று சொல்லி அவள் வைத்துவிட்டாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொல்லிவிடுவதாகத்தான் எங்களிடம் சொன்னார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் கேட்டபோது, இருக்கும்மா என்றார்.